காற்று எப்படி இருக்கிறது என்று நீ கேட்டாய்

கோமதிக்கு, உன் அப்பா சொல்லச் சொல்ல எழுதியது.

இதை எழுதுவது எதிர் வீட்டு வசந்தா டீச்சர். அங்கன்வாடியில் உனக்கு முதல் எழுத்தைச் சொல்லிக்கொடுத்தவர். எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரிந்ததுதான். கையெழுத்துக்கூடப் போடக் கற்றுக்கொள்ளாமல் எழுபத்து நாலு வயது ஆகிவிட்டது. நான் பேசுவதை டீச்சர் புத்தகத் தமிழில் எழுதுகிறார். வார்த்தையை மாற்றிக்கொள்ளுங்கள், விஷயத்தை மாற்றாதீர்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். நீ ஓசூருக்குப் போன இந்த மூன்று வருடமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்கிறாய். சாப்பிட்டியா என்று நான் கேட்கிறேன். மாத்திரை போட்டியா என்று நீ கேட்கிறாய். வைத்துவிடுகிறோம். அதைத் தாண்டி நான் எதையாவது எடுத்தால் "விடுப்பா" என்பாய். நானும் விட்டுவிடுவேன். விடச் சொல்ல ஓர் ஆள் இருக்கிறது என்பதே எனக்கு வசதியாக இருந்தது. அதனால்தான் காகிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை வழக்கத்துக்கு மாறாக உன்னிடம் ஒன்று கேட்டுவிட்டேன். கடலில் மறுபடியும் ஒன்று உருவாகியிருக்கிறது. டீக்கடை டிவியில் அதைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்தமான் பக்கம் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதியாம். இரண்டு நாளில் வலுவாகுமாம், புயலாகவும் ஆகலாமாம், எந்தப் பக்கம் திரும்பும் என்று இப்போதைக்குச் சொல்ல முடியாதாம். உன் சின்னம்மா தேவகியின் கொல்லை நிலத்தில் மல்லாட்டை முற்றி நிற்கிறது, டீச்சர் பாஷையில் வேர்க்கடலை. செடியைப் பிடுங்கிப் போட்ட பிறகு மழை பிடித்தால் குவியலோடு அழுகும். பிடுங்காமல் விட்டு மழை பிடித்தால் மண்ணுக்குள்ளேயே காய் முளைத்துவிடும். எந்தப் பக்கம் தவறினாலும் நாலு மாசப் பாடு போய்விடும். அதனால்தான் கேட்டேன், "அது எந்தப் பக்கம்மா போவுது?" என்று.  "என்னைக் கேக்காதப்பா. நான் சொல்லி அம்மா போனது போதும்" என்றாய். குரலில் அழுகை ஒன்றும் இல்லை. பால் தீர்ந்துவிட்டது என்று சொல்வது போலச் சொன்னாய். அடுத்த மூச்சில் மாத்திரை போட்டியா என்று கேட்டாய். போட்டேன் என்றேன். போடவில்லை.

மூன்று வருடமாக நீ அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது என்று இப்போது சொன்னால் அது பொய். தெரியும். தெரிந்துதான் இருந்தேன். நீ சொல்லி உன் அம்மா போகவில்லை, கோமதி. எப்படி என்று முதலில் இருந்து சொல்கிறேன். எனக்கு எதுவும் வரிசையாக வந்தால்தான் வரும்.

உனக்கு ஏழு வயதில் மார்கழிக் கர்ப்போட்டம் பார்க்க உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். மார்கழிப் பின்பாதியில் பதினாலு நாள் காலை வானத்தைப் பார்க்க வேண்டும். எந்த நாளில் மேகம் எப்படிக் கட்டுகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று மனதில் வைத்துக்கொண்டால், அதற்கு உரிய மாசத்தில் மழை எப்படி இருக்கும் என்று கணக்குச் சொல்லலாம். நான் மனதில் வைத்தேன். நீ நாலு கோடு நோட்டில் மேகம் வரைந்து வைத்தாய். முதல் வருடம் ஒன்பதாம் நாள் மேகத்துக்குப் பக்கத்தில் ஒரு கொக்கு வரைந்திருந்தாய். ஐப்பசி வந்ததும் உன் நோட்டையும் என் மனதையும் ஒத்துப் பார்த்தோம். சரியாக வந்ததும் உண்டு, ஏமாற்றியதும் உண்டு. தப்பாகப் போனால் நீ நோட்டில் பெருக்கல் குறி போடுவாய். நான் அந்த வருடத்தைப் பற்றிப் பேசாமல் இருந்துவிடுவேன். நமக்குள் இருந்த வித்தியாசம் அன்றைக்கே அவ்வளவுதான்.

பிறகு நீ காலேஜ் போனாய். வேங்கிக்காலில் கம்ப்யூட்டர் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தாய். போனில் கடல் படத்தைக் காட்டினாய். புயல் சுழியிலிருந்து நூல் நூலாகக் கோடு பிரிந்து போகும் படம் ஒன்று காட்டினாய். "ஒவ்வொரு நூலும் ஒவ்வொரு நாட்டுக்காரன் போட்ட கணக்குப்பா. எல்லா நூலும் சேர்ந்து போனா நம்பலாம். தலைவிரி கோலமா போச்சுன்னா யாருக்கும் தெரியலன்னு அர்த்தம்" என்றாய். தெரியவில்லை என்பதையும் படமாகப் போட்டுக் காட்டுகிறார்களே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சுற்று வட்டார விவசாயிகளைச் சேர்த்துப் போனில் ஒரு குரூப் ஆரம்பித்தாய். தினமும் காலையில், "வணக்கங்க, அடி அண்ணாமலையில இருந்து கோமதி பேசறேன்" என்று உன் குரல் வீட்டுக்கு வீடு கேட்டது. கீழ்பென்னாத்தூர் வரைக்கும் கேட்டார்கள். பேசுவதற்கு முன்னால் என்னிடம் வந்து காற்று எப்படி, மேகம் எப்படி என்று கேட்பாய். அதையும் சேர்த்து, "எங்கப்பா பார்த்த வரைக்கும்" என்று சொல்வாய். நீ எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அதை டீச்சர் தனியாக எழுதட்டும். நீ எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

டீக்கடை முருகேசன் ஒருநாள் எல்லோர் முன்னாலும் சொன்னான், "தாத்தா, உன் கணக்கு மார்கழிக்குச் சரி. நாளைக்குத் துணி காயுமான்னு உன் பொண்ணுதான் சொல்லணும்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நாற்பது வருடமாக விதைக்கிறவனும் பிடுங்குகிறவனும் என் வாசலுக்கு வந்து கேட்டுவிட்டுப் போன ஊர் அது. என் பெண்ணிடம்தானே கேட்கிறார்கள், இதில் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெளியில் சொல்லவில்லை. அங்கேதான் தப்பு. உன்னைவிட ஒருவர் நன்றாகச் செய்தால் அன்றைக்கே வாய்விட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடு, கோமதி. இரண்டு நாள் உள்ளே வைத்திருந்தால் அது வேறு ஒன்றாக ஆகிவிடும். நான் இரண்டு வருடம் வைத்திருந்தேன்.

உன் அம்மா போன அந்த ஐப்பசியில் கடலில் உருவானது ஆந்திரா பக்கம்தான் போவதாக இருந்தது. எல்லா நூலும் ஒன்றாக வடக்கே போனதை நானே உன் போனில் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை காலையில் என்னிடம் காற்று கேட்டாய். மேகம் நம் முதுகுப் பக்கமிருந்து வந்து மலையில் மோதுகிறது, பயமில்லை என்றேன். அது உண்மை. நம் வாசலில் நின்றால் மலை கிழக்கே நிற்கிறது, அதற்கும் அப்பால் கடல். அங்கே சுற்றுவது வடக்கே ஏறிப் போனால் மேகம் நமக்குப் பின்னால் இருந்து மலையை நோக்கி ஓடும். அது நம் பக்கம் இறங்கினால் மேகம் மலைக்குப் பின்னால் இருந்து ஏறி நம் தலைக்கு வரும். இது எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்தது இல்லை, பார்த்துப் பார்த்து வந்தது. அன்றைக்கு நீ குரூப்பில் பேசினாய். "ஆந்திரா பக்கம் போவுதுங்க. நமக்குத் தூறல்தான் இருக்கும். முத்தின மல்லாட்டைய பிடுங்கலாம்." ஊர் பிடுங்கியது. நாமும் பிடுங்கினோம்.

புதன்கிழமை காலையில் மாட்டை ஓட்டிக்கொண்டு போனேன். நீ அதற்குள் முதல் பஸ்ஸில் வேலைக்குப் போய்விட்டாய். ஏரிக்கரையில் நின்று பார்த்தேன். மேகம் மலைக்குப் பின்னால் இருந்து வந்துகொண்டிருந்தது. பஞ்சாக இல்லை, அடியில் கறுத்து, தாழ்வாக. ரேஷன் கடைப் பக்கத்துக் கட்சிக் கொடி முந்தின நாள் பறந்ததற்கு நேர் எதிராகப் பறந்தது. காற்று வடகிழக்கு. எனக்குச் சந்தேகமே இல்லை. மத்தியானத்துக்குள் மழை வந்துவிடும், வந்தால் லேசில் விடாது என்று தெரிந்தது. ஒரு பீடி பிடிக்கும் நேரம் நின்றேன். நின்றபோது என்ன நினைத்தேன் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இன்றைக்கு ஒருநாள் அந்தப் போன் தோற்கட்டும் என்று நினைத்தேன். உயிர் போகும் என்று நினைக்கவில்லை. காய் நனையும், சாயங்காலம் நாலு பேர் என் வாசலில் வந்து நிற்பார்கள் என்று மட்டும் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா கூழ் கரைத்துக்கொண்டே, "இன்னா சொல்லுது மலை?" என்று கேட்டாள். "உன் பொண்ணு சொன்னதுதான். என்னை எதுக்குக் கேக்கிற?" என்றேன். அவள் சிரித்தாள். "ஆம்பளைக்கு வயசான பிறகு ரோசம் ஜாஸ்தியாவுது" என்று சொல்லிவிட்டுத் தூக்குப்போணியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். என்னிடம் அவள் கடைசியாகச் சொன்னது அதுதான். நீ பலமுறை கேட்டிருக்கிறாய், அம்மா கடைசியாக என்னப்பா சொன்னாங்க என்று. மறந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். எனக்கு எது மறந்திருக்கிறது?

பத்து மணிக்கு நீ போன் செய்தாய். "அப்பா, அது அப்படியே நின்னுடுச்சுப்பா. நகரல. நூல் எல்லாம் கலைஞ்சு போயிட்டிருக்கு. எனக்கு ஒண்ணும் புரியல. அங்க காத்து எப்படி இருக்கு?" என்று கேட்டாய். நான் வாசலில் நின்றிருந்தேன். மேகம் என் கண் எதிரே மலையை விட்டு இறங்கி வந்துகொண்டிருந்தது. "நேத்து மாதிரியேதான் இருக்குது" என்றேன். "மேகம்?" என்றாய். "அதுவும் அப்படியேதான்" என்றேன். "சரிப்பா, அப்ப பயமில்ல" என்று வைத்துவிட்டாய்.

இதற்காகத்தான் இந்தக் கடிதம். நீ தப்பாகச் சொல்லவில்லை. சந்தேகம் வந்தவுடன் கேட்டாய். யாரைக் கேட்க வேண்டுமோ அவரைக் கேட்டாய். காற்று அதற்குப் பிறகு திரும்பியது என்று நீ நம்பிக்கொண்டிருக்கிறாய். உன்னைத் தேற்றுவதற்காக அப்படி நானே சொல்லியிருக்கிறேன். அது முன்பே திரும்பிவிட்டது. நான் பார்த்துவிட்டு வந்து உன்னிடம் பொய் சொன்னேன். நான் உண்மையைச் சொல்லியிருந்தால், மழைக்கு முன் இரண்டு மணி நேரம் இருந்தது. நீ குரூப்பில் ஒரு வார்த்தை சொல்லியிருப்பாய். ஊர் செடியைக் குவித்துத் தார்ப்பாய் போட்டிருக்கும். உன் அம்மா பன்னிரண்டு மணிக்கு வீட்டில் உட்கார்ந்திருப்பாள்.

மழை பன்னிரண்டு மணிக்குப் பிடித்தது. அப்போது நான் முருகேசன் டீக்கடையில் இருந்தேன். வீட்டுக்குப் போகவில்லை. "இன்னா தாத்தா, தூறல்னு சொன்னாங்க, இப்படிக் கொட்டுது?" என்று அவன் கேட்டான். "என்னை எதுக்குக் கேக்கிற, போனக் கேளு" என்றேன். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம் வந்தது. வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இன்னொரு டீ வாங்கிக் குடித்தேன். அந்த நேரத்தில் உன் அம்மாவும் தேவகியும் நனைந்த செடியைக் கட்டுக் கட்டாகத் தலையில் தூக்கி மாட்டுக் கொட்டாய்க்குள் போட்டுக்கொண்டிருந்தார்கள். மண்சுவர் மூன்று மணி நேரம் தண்ணீர் குடித்தது. மூன்று மணிக்குச் சரிந்தது. தேவகி வாசற்படியில் இருந்தாள், தோளோடு போயிற்று. உன் அம்மா உள்ளே இருந்தாள்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். காரியம் முடிந்ததும் குரூப்பை விட்டு வெளியே வந்தாய். ஓசூருக்குப் போனாய். நான் இங்கே இருக்கிறேன். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி வாசலில் கிரிவல ஜனம் வெள்ளமாகப் போகிறது. ஆள் போவது தெரிகிறது, அதைத் தாண்டி ஒன்றும் தெரிவதில்லை. மாட்டை விற்றபோது அழவில்லை. அழாமல் இருக்கிறேனே என்று தேவகி சத்தம் போட்டாள். அழுகை என்னிடம் வருவதற்கு ஒரு வழி இருந்தால்தானே வரும். அந்த வழியில் இந்தப் பொய் உட்கார்ந்திருக்கிறது. மார்கழியில் வானம் பார்ப்பதையும் விட்டுவிட்டேன். கேட்டு வருகிறவர்களிடம் கண் தெரியவில்லை என்று சொல்கிறேன். வலது கண் உண்மையிலேயே மங்கிவிட்டது. இடது கண் தெரிகிறது.

நேற்று திங்கட்கிழமை தேவகி கொல்லையில் பிடுங்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆறு பெண்கள். நான் போய் வரப்பில் நின்றேன். தேவகி நிமிராமலே கேட்டாள், "மாமா, கோமதி இன்னா சொல்லுது? எந்தப் பக்கமாம்?" மூன்று வருடம் ஆகியும் அவர்கள் உன்னைத்தான் கேட்கிறார்கள். உன் சொல்லால் காயை இழந்தவர்கள்தான் அந்த ஆறு பேரும். ஒருத்தி சொன்னாள், "அது சொன்னா சரியாத்தான் இருக்கும். ஒருவாட்டி தப்பாப் போச்சு. வானம்தானே, இன்னா பண்றது." அதைக் கேட்டதும் வரப்பிலேயே உட்கார்ந்தேன். உனக்கு இப்போது சொன்னதை எல்லாம் அவர்களிடம் சொன்னேன். ஏரிக்கரை, உன் போன், டீக்கடை, எதையும் விடவில்லை. பிடுங்குகிற சத்தம் நின்றுவிட்டது.  என்னைத் திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

தேவகி கையில் இருந்த செடியைக் கீழே வைத்தாள். மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தாள். அந்தத் தோள் இன்னும் முழுசாகத் தூக்க வராது.

"இத அவகிட்ட சொன்னியா மாமா?"

"இல்ல."

"அப்ப எங்ககிட்ட எதுக்குச் சொல்ற? நாங்களா அம்மாவக் கொன்னுட்டோம்னு நினைச்சுக்கிட்டு ஊரை விட்டுப் போனோம்?"

  செத்தது தேவகியின் கூடப் பிறந்த அக்கா. பிறகு கேட்டாள், "சரி. இன்னிக்குக் காத்து எப்படி? அதையாச்சும் ஒழுங்காச் சொல்லு."

சொன்னேன். மேகம் மலைக்குப் பின்னால் இருந்து வருகிறது என்றேன். ஆனால் உயரத்தில் மெலிசாகத்தான் ஓடுகிறது, எனக்கு ஒரு கண்தான் தெரிகிறது, வருமா விலகுமா என்று உறுதியாகத் தெரியவில்லை என்றும் சொன்னேன். தெரியவில்லை என்று ஊர் முன்னால் நான் சொன்னது இதுதான் முதல்முறை. அவ்வளவு கஷ்டமாக ஒன்றும் இல்லை. அவர்கள் பிடுங்குவதைப் பாதியோடு நிறுத்தினார்கள். பிடுங்கியதைக் குவித்துத் தார்ப்பாய் போட்டுக் கல் வைத்தார்கள். நானும் கல் எடுத்துக் கொடுத்தேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, கூடப் பேசவும் இல்லை. தினமும் தேவகி வீட்டில் இருந்துதான் எனக்குச் சாப்பாடு வரும். நேற்று ராத்திரி வரவில்லை.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, கோமதி. கேட்டால் அதற்கும் நீதான் ஒரு பதில் தேடிக்கொண்டு உட்கார வேண்டும். மூன்று வருடம் நீ சுமந்தது போதும். போன் செய்யாமல் இருந்தாலும் சரிதான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் நான் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார மாட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். மறுபடியும் அந்த நூல் படத்தைப் பார் என்றும் சொல்ல மாட்டேன். அது உன் இஷ்டம். பார்த்தால் மட்டும் ஒன்று தெரிந்துகொண்டு பார். அன்றைக்கு உனக்குத் தெரிந்ததை நீ சொன்னாய், தெரியாததைக் கேட்டாய். செய்ய வேண்டியது அவ்வளவுதான். எனக்குத் தெரிந்ததை நான் சொல்லவில்லை. உன் அம்மா இருந்த இடத்தில் இப்போது அவள் இல்லாததற்குக் காரணம் அது. இனி யாராவது கேட்டால் இப்படியே சொல். சொல்ல உனக்கு வாய் வராவிட்டால் இந்தக் காகிதத்தைக் காட்டு.

இது உன் கைக்கு வந்து சேரும்போது கடலில் இருப்பது எங்கேயாவது கரை ஏறியிருக்கும். எங்கே என்று எனக்கு இப்போது தெரியாது. உனக்கு அப்போது தெரிந்திருக்கும்.

டீச்சர் முடித்துவிடலாமா என்று கேட்கிறார். தேவகி விடிந்ததில் இருந்து டீச்சர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். என்னோடு பேசவில்லை. உறையை ஒட்டியதும் அவளே வாங்கிக்கொண்டு டவுனுக்கு பஸ் ஏறித் தபாலில் போடப் போகிறாள். என் கையில் கொடுத்தால் இது உன்னிடம் வந்து சேராது என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

அப்பா